தோல் மெஷினுக்கு எந்த சர்வோ? வாட்டைப் பார்க்கறதுக்கு முன்னாடி புல்லியைப் பாருங்க

ஊத்துக்குளி, குன்னத்தூர், பெருமாநல்லூர்னு எந்தப் பக்கம் போனாலும் தையல் மோட்டார் சத்தம் கேட்காத தெரு குறைவு. பனியன் கம்பெனிக்காரங்க பழைய கிளட்ச் மோட்டாரைக் கழட்டிட்டு சர்வோ போட்டாங்க. அப்புறம் பல பேர் அதையும் விட்டுட்டு, மோட்டார் தலையிலேயே சேர்ந்து வர்ற டைரக்ட் டிரைவ் மெஷினுக்குப் போயிட்டாங்க. அதனால நல்லா ஓடற பழைய சர்வோ மோட்டார்கள் இந்த வட்டாரத்தில் கைமாறிக்கிட்டே இருக்கு. தோல் தைக்கிற மெஷினுக்கு விலை குறைஞ்ச மோட்டார் தேடறவங்களுக்கு இதைவிட வசதியான ஊர் வேண்டாம்னு தோணும். அது பாதி உண்மைதான். மோட்டார் கிடைக்கும், ஆனா அது பனியன் தைக்கச் செஞ்ச மோட்டார்.

இந்தக் குறிப்பை எழுத ஒரு காரணம் இருக்கு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன், பல வருஷமா பவர் டேபிளில் பீஸ் ரேட்டுக்கு ஓவர்லாக் அடிச்சவன், இப்ப தோல் வேலைக்கு வந்திருக்கான். இடுப்பு பெல்ட், பை, அதோட காங்கேயம் மாட்டுக்குக் கழுத்தில் கட்டற சலங்கைப் பட்டை. இதுல கடைசிதான் அவனுக்கு நல்ல கிராக்கி, ஆனா அதுதான் தைக்கவும் கஷ்டம். ரெண்டு மூணு அடுக்கு கனத்த தோல் சேர்ந்தா 8 மில்லிமீட்டர் வந்துடும். செகண்ட் ஹேண்டில் ஒரு வாக்கிங் ஃபுட் மெஷின் வாங்கிட்டான். அதுல கிளட்ச் மோட்டார். அதை மாத்த கையில் 8,000 ரூபாய்க்கு மேல இல்லை. கடையில கேட்டா, "வாட் ஜாஸ்தியா இருக்கறதா வாங்கிக்கோங்ணா, தோல்னா பவர் வேணும்ல"ங்கறாங்க. கேட்க சரியாத்தான் இருக்கு. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தா வேற மாதிரி வருது.

முதல்ல ஒரு விஷயத்தைத் தள்ளி வச்சுடலாம். பனியன் கம்பெனியில சிங்கர்னு சொல்ற சாதாரண ஒற்றை ஊசி மெஷினில் எந்த மோட்டாரைப் போட்டாலும் அது தோல் மெஷின் ஆகாது. அதுல அடியில் இருக்கற பல் மட்டும்தான் துணியைத் தள்ளும். தோலின் மேல் பக்கம் ஃபுட்டில் ஒட்டிக்கிட்டு நகராது, கீழ் பக்கம் பல் தடம் விழும். மெல்லிசான ஜாக்கெட் தோலை டெஃப்லான் ஃபுட் போட்டு ஒப்பேத்தலாம். பட்டை, பைக்கெல்லாம் பல்லு, ஊசி, ஃபுட் மூணும் சேர்ந்து நகர்ற வாக்கிங் ஃபுட் வேணும். ஜூக்கி டிஎன்யு-1541 மாதிரியானது, அல்லது அதே அமைப்பில் வர்ற சீன மெஷின்கள். இனிமே சொல்றதெல்லாம் அந்த மாதிரி மெஷினை மனசில் வச்சுத்தான்.

துணி பிரிக்கலாம், தோல் பிரிக்க முடியாது

பனியனில் தையல் கோணினா பிரிச்சுட்டு மறுபடி தெச்சுக்கலாம். தோலில் ஊசி இறங்கின ஓட்டை ஓட்டைதான். ஒரு மூலையில் திருப்பும்போது ஒரே ஒரு தையல் கூடுதலா ஓடிட்டாலும் அந்தப் பட்டை விலைக்குப் போகாது. அதனால தோல்காரருக்கு வேணுங்கறது, பெடலைத் தொட்டா ஒரு தையல், விட்டா அங்கேயே நிக்கணும்ங்கற கட்டுப்பாடு. அதே சமயம் அந்த ஒரே தையல் 8 மில்லிமீட்டரைக் குத்திக்கிட்டுப் போகவும் வேணும். ஊத்துக்குளி வெண்ணெயில் கத்தி இறங்கற மாதிரி இறங்காது அது.

மெதுவா ஓடணும், பலமாவும் குத்தணும். மோட்டாருக்கு இது ரெண்டும் சேர்ந்து வர்றது சுலபமில்லை.

கிளட்ச் மோட்டார் இதுல பாதியைச் செய்யும். சுவிட்ச் போட்ட நொடியிலிருந்து அது முழு வேகத்தில் சுத்திக்கிட்டே இருக்கும். நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்டில், நாலு துருவ மோட்டார்னா நிமிஷத்துக்குச் சுமார் 1440 சுற்று. ரெண்டு துருவம்னா சுமார் 2850. பெடலை மிதிச்சா, சுத்திக்கிட்டிருக்கற கனமான சக்கரத்தோட உராயும் தட்டு ஒண்ணு போய் ஒட்டும், மெஷின் ஓடும். அந்தச் சக்கரத்தில் சேர்ந்திருக்கற சக்தி கொஞ்சமில்லை. 3 கிலோ எடை, 16 செ.மீ. விட்டம் உள்ள ஒரு இரும்பு வட்டு 1440 சுற்றில் சுத்துதுன்னு வச்சுக்கிட்டா, அதுல சுமார் 109 ஜூல் இருக்கும். 11 கிலோ கல்லை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடற அடி. அதனாலதான் பழைய ஆளுங்க, "கிளட்ச் மோட்டார் எதையும் குத்திடும்"னு சொல்றாங்க. பொய்யில்லை.

ஆனா அந்த அடியை அளந்து குடுக்கறது பாதத்தோட வேலை. கிளட்சைப் பாதி ஒட்டியும் ஒட்டாமலும் வச்சுக்கிட்டு மெதுவா ஓட்டக் கத்துக்க மாசக்கணக்காகும். கத்துக்கிட்ட டெய்லர்கள் அதில் அற்புதமா ஓட்டுவாங்க, மறுக்கலை. மத்தவங்களுக்கு, கால் கொஞ்சம் அழுந்தினா நாலஞ்சு தையல் தாவிடும். விரல் நகத்தில் ஊசி ஏறின கதை ஒண்ணாவது இல்லாத டெய்லரை இங்க பார்க்கறது அபூர்வம்.

கரண்ட் கணக்கையும் சேர்த்துக்கலாம். தைக்காதபோதும் கிளட்ச் மோட்டார் சுத்தறதால கரண்ட் இழுக்கும். சும்மா சுத்த 150 வாட்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாசம் 25 நாள், 30 யூனிட் ஆச்சு. தோல் வேலையில் வெட்டறது, ஒட்டறது, சுத்தியல்ல தட்டறது, விளிம்பைத் தேய்க்கறதுதான் அதிக நேரம்; ஊசி ஓடற நேரம் ரொம்பக் குறைவு. அப்ப அந்த 30 யூனிட்டில் பெரும்பகுதி வீணாப் போனதுதான்.

சர்வோன்னா என்ன

பேரைக் கேட்டா புதுசு மாதிரி இருக்கும். 1873இல் பிரான்ஸில் ஜோசஃப் ஃபார்கோ என்கிற பொறியாளர், கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பற ஒரு ஏற்பாட்டைப் பத்தி எழுதின புத்தகத்துக்கு வச்ச பேர்தான் 'சர்வோ மோட்டார்'. லத்தீனில் அடிமைங்கற சொல்லிலிருந்து வந்தது. மாலுமி கையால் சின்னதா என்ன அசைவு குடுக்கறாரோ, அதை அப்படியே பெரிய பலத்தோட செஞ்சு காட்டறது. கப்பலில் கை செஞ்ச வேலையை நம்ம மெஷினில் கால் செய்யுது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னிக்குத் தையல் மெஷினுக்கு வர்ற சர்வோ பெரும்பாலும் பிரஷ் இல்லாத மோட்டார். சுழலும் பகுதியில் நிலைக் காந்தம், சுத்தி நிற்கற பகுதியில் செம்புச் சுருள். கூடவே ஒரு கன்ட்ரோல் பாக்ஸ். மோட்டாருக்குள்ள இருக்கற சென்சார், 'இப்ப இந்த இடத்தில் இருக்கேன், இவ்வளவு வேகத்தில் போறேன்'னு பாக்ஸுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். பெடல் கேக்கற வேகத்தைவிடக் குறைஞ்சா பாக்ஸ் கரண்டைக் கூட்டும், கூடினா குறைக்கும். மிதிக்கலைன்னா மோட்டார் சுத்தாது.

தோல் கெட்டியா எதிர்த்து நின்னா? பாக்ஸ் கரண்டைக் கூட்டிக்கிட்டே போகும். ஒரு எல்லை வரைக்கும்தான். அதுக்கு மேல போனா மோட்டாரைக் காப்பாத்த நிறுத்திட்டு, டிஸ்பிளேயில் ஒரு எர்ரர் நம்பர் காட்டும். கிளட்ச் மோட்டார் மாதிரி சேர்த்து வச்ச அடி இதுகிட்ட இல்லை. இதனாலதான் பல பேர் சர்வோ மாத்தின முதல் நாளே, "கிளட்ச்தான் நல்லா இருந்துச்சு"ன்னு சலிச்சுக்கறாங்க.

550 வாட் எப்ப 550 வாட்?

இதுதான் கடைக்காரர் சொல்லாத இடம். மோட்டாரில் ஒட்டியிருக்கற வாட், அதில் போட்டிருக்கற வேகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். 550 வாட், 3000 சுற்றுன்னு இருந்தா, 3000 சுற்றில் ஓடும்போதுதான் அது 550 வாட். ஊசியைக் குத்த வைக்கிறது வாட் இல்லை. இழுவை, அதாவது முறுக்கு விசை. கணக்கு ரொம்ப எளிது. வாட்டை 9.55ஆல் பெருக்கி, சுற்றால் வகுத்தா நியூட்டன் மீட்டரில் இழுவை வந்துடும். 550 × 9.55 ÷ 3000, சுமார் 1.75.

வேகம் குறைஞ்சாலும் இந்த இழுவை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஏன்னா அதை நிர்ணயிக்கறது கரண்ட். கரண்டுக்கு எல்லை உண்டு. நீங்க பெடலை லேசாத் தொட்டு 200 சுற்றில் ஓட்டும்போது, அதே 1.75 இழுவையில் மோட்டார் குடுக்கற சக்தி வெறும் 37 வாட். காசு குடுத்தது 550க்கு, ஊசி குத்தற அந்த நேரத்தில் கையில் இருக்கறது 37.

இந்தக் கணக்கைத் தெரிஞ்சுக்கிட்டா லேபிளைப் பார்த்தே நிறைய புரியும். ஒரு மோட்டாரில் 750 வாட், 5000 சுற்றுன்னு இருக்குன்னு வைங்க. அதோட இழுவை 1.43. பக்கத்தில் இருக்கற 550 வாட், 3000 சுற்று மோட்டாரோட 1.75ஐ விடக் குறைவு. வாட் அதிகம், விலையும் அதிகமா இருக்கலாம், தோலுக்கு மட்டும் மோசம். பனியன்காரருக்கு அது நல்ல மோட்டார். ஜூக்கி டிடிஎல்-8700 மாதிரி ஒற்றை ஊசி மெஷின் நிமிஷத்துக்கு 5500 தையல் வரைக்கும் போகும், ஓவர்லாக் 7000 வரைக்கும். அவங்களுக்கு வேகம்தான் கூலி. டிஎன்யு-1541இன் உச்சமே 2500தான். சேணம், கனத்த பெல்ட்டெல்லாம் தைக்கற ஜூக்கி டிஎஸ்சி-441 மெஷினுக்கு உச்ச வேகம் வெறும் 800.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஷூ மேல்தோல் தைக்கிறவங்ககிட்ட யோசனை கேட்டாலும் இதை மனசில் வச்சுக்கணும். அவங்க தைக்கிறது பெரும்பாலும் ஒண்ணு, ஒண்ணரை மில்லிமீட்டர் தோல். அங்க சரியா ஓடற மோட்டார் செட்டிங், சலங்கைப் பட்டையில் திணறும்.

புல்லி

இப்ப ஒரே மோட்டாரை ரெண்டு விதமா மாட்டிப் பார்ப்போம். 550 வாட், 3000 சுற்று, கடைசி வரைக்கும் அதே மோட்டார்தான்.

முதல் விதம், பனியன் கம்பெனியிலிருந்து கழட்டி வந்தபடியே. மோட்டாரில் பெரிய புல்லி, 90 மி.மீ.ன்னு வைங்க, மெஷின் வீலில் 70 மி.மீ. மோட்டார் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள மெஷின் ஒண்ணேகால் சுத்துக்கு மேல சுத்திடும். மோட்டார் குறைஞ்சபட்சமா 200 சுற்றில் ஓடினாலும் நிமிஷத்துக்கு 257 தையல், ஒரு நொடிக்கு நாலு. மூலை திருப்ப இது ஆகாது. இழுவை? 1.75 வேகத்துக்குத் தகுந்த மாதிரி குறைஞ்சு 1.36 ஆகுது. ஊசிக் கம்பி ஏறி இறங்கற தூரம் 38 மி.மீ.ன்னா, கிராங்க் ஆரம் 19 மி.மீ. அப்ப நடு வழியில் ஊசிக்குக் கிடைக்கற பலம் சுமார் 7 கிலோ. அதிலேயே ஃபுட்டைத் தூக்கறதும் பல்லைத் தள்ளறதும் நடக்கணும்.

ரெண்டாவது விதம். மோட்டாரில் 45 மி.மீ. சின்னப் புல்லி, மெஷின் வீலில் 90. இது ரெண்டுக்கு ஒண்ணு. நடுவில் ஒரு ரெடியூசர்: ஒரே ஷாஃப்டில் 50 மி.மீ. புல்லி ஒண்ணும் 150 மி.மீ. புல்லி ஒண்ணும். இது மூணுக்கு ஒண்ணு. மோட்டார் பெல்ட் பெரிய 150க்குப் போகுது, சின்ன 50லிருந்து மெஷினுக்கு இன்னொரு பெல்ட். மோட்டாரில் இருக்கற 45ஐயும் வீலில் இருக்கற 90ஐயும் சேர்த்தா மொத்தம் ஆறு மடங்கு குறைப்பு. 200 சுற்றில் இப்ப நிமிஷத்துக்கு 33 தையல், ரெண்டு நொடிக்கு ஒண்ணு. ஒவ்வொரு குத்தையும் கண்ணால் எண்ணலாம். ஊசிக்குக் கிடைக்கற பலம் சுமார் 56 கிலோ. பெல்ட், பேரிங்கில் கொஞ்சம் போனாலும், முதல் விதத்தைவிட ஏழு மடங்கு பக்கம்.

அதே மோட்டார்தான், 7 கிலோ 56 கிலோ ஆயிடுச்சு. இதுக்குப் பதிலா 550ஐ விட்டுட்டு 750 வாட் (அதே 3000 சுற்று) வாங்கியிருந்தா கூடியிருக்கறது மூணில் ஒரு பங்குதான். 7 கிலோ 10 கிலோ ஆகியிருக்காது.

இந்த ஏற்பாடு நம்ம பக்கத்துக்குப் புதுசே இல்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கு அடியில் குனிஞ்சு பாருங்க. மோட்டாரில் சின்னப் புல்லி, கல்லுக்கு அடியில் பெரிய சக்கரம். மாவு கெட்டியாகும்போது நிக்காம ஆட்டறது மோட்டாரோட பெருமை மட்டும் இல்லை.

வேகம் போயிடுமேன்னு கவலை வரும். போகட்டும். ஆறு மடங்கு குறைச்ச பிறகும் மோட்டார் 3000 சுற்றில் ஓடினா நிமிஷத்துக்கு 500 தையல். தையல் நீளம் 4 மி.மீ.ன்னா நிமிஷத்துக்கு ரெண்டு மீட்டர். ஒரு பெல்ட்டோட ரெண்டு பக்கமும் ஒரு நிமிஷம் சொச்சத்தில் முடியும். பீஸ் ரேட்டில் வளர்ந்தவனுக்கு இது ஆமை வேகமாத் தெரியலாம். ஆனா அந்தப் பெல்ட்டுக்கு அவன் ஏற்கெனவே விளிம்பு தேய்க்க அதைவிடப் பல மடங்கு நேரம் செலவழிச்சிருக்கான். மெதுவா ஓட்டறதில் இன்னொரு லாபமும் உண்டு: ஊசி சூடாகாது. வேகமா ஓட்டினா உராய்ஞ்சு சூடாகற ஊசியில் நைலான் நூல் இளகி அறுந்துபோகும்.

மெல்லிசான பை மட்டும் தைக்கறவங்களுக்கு ரெடியூசர் அவசியமில்லை. 45 மி.மீ. மோட்டார் புல்லியும் பெரிய வீலும் போதும். செலவு பெல்ட்டோட முடிஞ்சுடும். சலங்கைப் பட்டை, கனத்த பெல்ட் தைக்கறவங்களுக்குத்தான் அந்த நடு ஷாஃப்ட்.

அதை ரெடிமேடாவும் வாங்கலாம். ஆனா லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. 20 மி.மீ. ஷாஃப்ட், யூசிபி 204 பிளம்மர் பிளாக் ரெண்டு, புல்லி ரெண்டு, ஒரு ஆங்கிள் துண்டு. பெரிய புல்லியை வார்ப்பிரும்பில் எடுக்கச் சொல்லுங்க. எடை இருந்தா சுத்தும்போது கொஞ்சம் சக்தியைச் சேர்த்து வைக்கும், குத்து சீரா இருக்கும். ஒண்ணே ஒண்ணு கவனிக்கணும்: சின்னப் புல்லியில் பெல்ட் சுத்திப் பிடிக்கற பரப்பு குறைவு. பெல்ட் தளர்ந்திருந்தா மோட்டார் சுத்தும், ஊசி நிக்கும், நாம மோட்டாரைத் திட்டுவோம். அதே சமயம் ரொம்ப இழுத்துக் கட்டினா பேரிங் போயிடும். பெல்ட்டை நடுவில் விரலால் அழுத்தினா ஒரு சென்டிமீட்டர், ஒண்ணரை சென்டிமீட்டர் உள்ளே போகணும்.

மெதுவான வேகத்தில் மோட்டாருக்குக் கண் தெரியாது

வேகத்தைப் புல்லியில் குறைக்கணும், பாக்ஸில் குறைக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. விலை குறைஞ்ச சர்வோக்கள் பலவற்றில் உள்ளே இருக்கறது மூணு ஹால் சென்சார் மட்டும்தான். நாலு ஜோடி துருவம் உள்ள மோட்டார்னா ஒரு சுத்துக்கு 24 தடவைதான் பாக்ஸுக்குத் தகவல் போகும். 3000 சுற்றில் அது நொடிக்கு 1200 தடவை, தாராளம். 200 சுற்றில் 80. பாக்ஸை இன்னும் கீழே செட் பண்ணி 60 சுற்றில் ஓட்டினா நொடிக்கு 24. ஒரு தகவலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஊசி தோலைத் தொட்டு மாட்டிக்கிட்டா, பாக்ஸுக்கு அது தாமதமாத்தான் தெரியும். அதனாலதான் ரொம்ப மெதுவா ஓட்டும்போது மலிவான சர்வோ உலுக்கி உலுக்கி ஓடுது.

ரெடியூசர் போட்டா மோட்டார் வேகமாவும் ஊசி மெதுவாவும் இருக்கும். மோட்டாருக்குத் தகவலும் கிடைக்கும், ஊசிக்கு இழுவையும் கிடைக்கும். ஆப்டிகல் என்கோடர் உள்ள மோட்டார் அதே விலையில் வந்தா அதை எடுத்துக்கலாம். அதுல ஒரு சுத்துக்கு இதைவிடப் பல மடங்கு தகவல் வரும். ஆனா அதுக்காக பட்ஜெட்டைத் தாண்ட வேண்டியதில்லை. அந்த 8,000 ரூபாயில் பாதியை மட்டும் மோட்டாருக்கு ஒதுக்கி, மீதியைப் புல்லி, பெல்ட், ரெடியூசர், நல்ல ஊசிக்கு வச்சுக்கச் சொல்லித்தான் பையன்கிட்ட சொன்னேன்.

பழைய மோட்டார் வாங்கப் போனா

கடைக்குப் போகும்போது நீங்க தைக்கப்போற தோலில் ஒரு துண்டை, எத்தனை அடுக்கோ அத்தனை ஒட்டி, கையோட எடுத்துட்டுப் போங்க. பனியன் துணியை வச்சு ஓட்டிக் காட்டினா எல்லா மோட்டாரும் நல்ல மோட்டார்தான்.

ஓவர்லாக்கிலிருந்து கழட்டினதா இருந்தா சுத்தற திசை ஒற்றை ஊசி மெஷினுக்கு எதிரா இருக்கலாம். பாக்ஸில் திசை மாத்தற செட்டிங் இருக்கான்னு கேளுங்க. ரெடியூசர் நடுவில் வந்தாலும் திசை மாறாது, பெல்ட்டைக் குறுக்கே போடாத வரைக்கும்.

நூல் வெட்டற வசதியுள்ள மெஷினிலிருந்து வந்த பாக்ஸ்னா, அந்த சென்சாரும் சொலினாய்டும் இல்லாம ஓடுமான்னு பார்க்கணும். சில பாக்ஸ் சாதாரணமா ஓடும். சிலது எர்ரர் காட்டிட்டு நின்னுடும். எந்த செட்டிங்கை மாத்தினா ஓடும்னு தெரிஞ்ச மெக்கானிக், அல்லது அந்த மாடலோட செட்டிங் அட்டவணை, ரெண்டில் ஒண்ணு இல்லாம வாங்காதீங்க.

ஊசி மேலே நிக்கறது, கீழே நிக்கறது, இந்த வசதி தோலுக்கு அருமையானது; மூலையில் ஊசி உள்ளேயே நின்னா தோலைத் திருப்பறது சுலபம். ஆனா அதுக்கு மெஷின் வீலில் தனியா சென்சார் மாட்டணும். ரெடியூசர் வந்த பிறகு மோட்டார் ஆறு சுத்து சுத்தினாத்தான் ஊசி ஒரு தடவை ஏறி இறங்கும். மோட்டாருக்குள்ள இருக்கற சென்சாருக்கு ஊசி எங்க இருக்குன்னு தெரியாது. ஆரம்பத்தில் இது இல்லாமலே ஓட்டலாம். 33 தையல் வேகத்தில் நிறுத்தணும்னு நினைச்ச இடத்தில் நிறுத்திடலாம், மிச்சத்துக்குக் கையால் வீலைத் திருப்பிக்கலாம்.

பெரும்பாலான சர்வோ, கிளட்ச் மோட்டார் தொங்கின அதே மூணு போல்ட் ஓட்டையில் மாட்டிக்கும். பலகையில் புதுசா ஓட்டை போடற வேலை ரெடியூசருக்கு மட்டும்தான். புல்லி வாங்கும்போது மோட்டார் ஷாஃப்டோட விட்டத்தை அளந்துட்டுப் போங்க, எல்லாம் ஒரே அளவுன்னு நம்பிடாதீங்க.

முதல் வாரத்துக்குப் பாக்ஸில் உச்ச வேகத்தை 1500க்குக் கட்டிடலாம். சாஃப்ட் ஸ்டார்ட் இருந்தா போட்டுக்கலாம். திணறினா வேகத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி ஊசியைப் பாருங்க. டெக்ஸ் 135 நூலுக்கு 22 அல்லது 23 நம்பர் ஊசி வேணும். டிஎன்யு மாதிரி மெஷினுக்குத் தோல் வெட்டற முனையுள்ளது 135×16, துணிக்கானது 135×17. துணி ஊசியால் தோலைக் குத்திட்டு மோட்டார் சரியில்லைன்னு திருப்பிக் குடுத்தவங்க உண்டு.

கரண்ட் விஷயம் கிராமத்துப் பக்கம் இருக்கறவங்களுக்கு முக்கியம். கிளட்ச் மோட்டார் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கும். சர்வோ பாக்ஸ் உள்ளே வர்ற 230 வோல்ட் ஏசியைச் சுமார் 325 வோல்ட் டிசியா மாத்தி, பெரிய கெபாசிட்டரில் சேர்த்து வச்சுக்கிட்டு ஓடுது. வோல்டேஜ் திடீர்னு எகிறினா முதல்ல போறது அந்த பாக்ஸ்தான். மோட்டாரைவிட அதை ரிப்பேர் பண்றதுதான் செலவு. மழை இடி நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி வைக்கறது நல்லது. மெஷின் ஸ்டாண்டுக்கு எர்த் கட்டாயம். பாக்ஸைத் திறக்க வேண்டி வந்தா, பிளக்கைப் பிடுங்கின பிறகும் சில நிமிஷம் பொறுக்கணும். கெபாசிட்டரில் கரண்ட் நிக்கும்.

இன்னொண்ணு, கிளட்ச் மோட்டார் ஓடிக்கிட்டிருந்தா கத்திக்கிட்டே இருக்கும், எல்லாருக்கும் தெரியும். சர்வோ ஆன்ல இருக்கறதே தெரியாது. நூல் கோர்க்கும்போது, ஊசி மாத்தும்போது கால் பெடலில் பட்டா 56 கிலோ பலத்தோட இறங்கும். அதனால அந்தப் பையன் மெஷினில் சுவிட்சைப் பலகைக்கு அடியிலிருந்து கழட்டி, வலது கைக்கு எட்டற மாதிரி மேலே, விளக்கோட கொண்டுவந்து வச்சுட்டோம். சுவிட்ச் போட்டா விளக்கு எரியும், அணைச்சா விளக்கும் அணையும். ரெண்டு பெல்ட்டுக்கும் தகரத்தில் ஒரு கவர் அடிக்கற வேலை மட்டும் இன்னும் பாக்கி.